வெளியே போகும் வாசலைப் பூட்டுங்கள்

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பைனான்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் பெயரில் ஒரு போலி இணையதளம் உலவியது. முகவரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. இரண்டு எழுத்துகளின் அடியில் மட்டும் சின்னஞ்சிறு புள்ளிகள். பார்த்தவர்கள் திரையில் தூசி ஒட்டியிருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். அடியில் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள் யூனிகோடில் தனி எழுத்துகள். அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த அந்த முகவரி, கணினிக்கு முற்றிலும் வேறு முகவரி. பலர் அங்கே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். திருடர்கள் உடனே பணத்தில் கை வைக்கவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் ஓர் ஏபிஐ கீயை உருவாக்கி வைத்தார்கள். கணக்கின் உரிமையாளர் உள்ளே வராமலே ஒரு மென்பொருள் அவருக்காக வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் சாவி அது. பிறகு காத்திருந்தார்கள்.

மார்ச் 7 அன்று, இரண்டே நிமிடங்களில், அந்தக் கணக்குகள் எல்லாம் வயாகாயின் என்ற அதிகம் புழங்காத நாணயத்தைக் கிடைத்த விலைக்கு வாங்கிக் குவித்தன. விலை எகிறியது. அதே நாணயத்தை 31 கணக்குகளில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த திருடர்கள் உச்ச விலையில் விற்றார்கள். விற்ற கையோடு பணத்தை வெளியே எடுக்கப் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டார்கள். வர்த்தகம் இயல்பாக இல்லை என்று கண்ட பைனான்ஸின் பாதுகாப்பு அமைப்பு, பணம் எடுப்பதைத் தானாகவே நிறுத்திவிட்டது. அவர்களால் எதையும் வெளியே கொண்டுபோக முடியவில்லை. அவர்கள் போட்டு வைத்திருந்த வயாகாயினும் முடக்கப்பட்டது.

அன்று பணம் தப்பியது யாருடைய விழிப்பினாலும் அல்ல. கணக்கு வைத்திருந்தவர்கள் ஏமாந்துவிட்டார்கள், பாஸ்வேர்டு போய்விட்டது, திருடன் உள்ளேயும் வந்துவிட்டான். வெளியே போகும் வாசல் பூட்டியிருந்ததால் மட்டுமே பணம் மிஞ்சியது. கிரிப்டோ மோசடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "ஜாக்கிரதையாக இருங்கள்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஜாக்கிரதை வேண்டும்தான். ஆனால் எவ்வளவு கவனமானவருக்கும் தூக்கக் கலக்கத்தில் போனைத் தொடும் ஒரு நாள் வரும். மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டே ஒரு லிங்கை அழுத்தும் ஒரு நாள் வரும். அந்த நாளில் ஏமாந்தாலும் பணம் போகாதபடி கணக்கை இன்றே அமைத்துவைக்க முடியும். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

வங்கிக் கணக்கில் நடக்கும் மோசடிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வங்கியில் நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கவும் வழி இருக்கிறது. கிரிப்டோவில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பிட்காயின் வலையமைப்பில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் தொகுப்பு, சேர்கிறது. அனுப்பிய நாணயம் அதில் ஏறி, மேலும் சில பிளாக்குகள் அதன்மேல் சேர்ந்துவிட்டால், எந்த மேலாளரிடம் போய் முறையிட்டாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. எக்ஸ்சேஞ்ச் கணக்குகளைத் திருடர்கள் குறிவைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது ஓடிபி. "எனக்குத்தான் ஓடிபி வருகிறதே, பாஸ்வேர்டு போனால் என்ன?" என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதிக்கு அடித்தளம் இல்லை. இன்றைய போலிப் பக்கம் பாஸ்வேர்டைச் சேர்த்துவைக்கும் வெறும் படிவம் அல்ல. அது நமக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாம் இங்கே பாஸ்வேர்டை அடித்ததும் அது அங்கே அதை அடிக்கிறது. உண்மையான தளம் நம்பி ஓடிபி அனுப்புகிறது. போனில் ஓடிபி வந்ததைப் பார்த்ததும் "சரியான இடம்தான்" என்ற நம்பிக்கை நமக்கு இன்னும் கூடுகிறது. அதையும் இங்கே அடிக்கிறோம். அது அங்கே போகிறது. அத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது என்பதும் இங்கே உதவாது. இயந்திரத்துக்கு ஒரு விநாடி போதும். உள்ளே நுழைந்ததும் உண்மையான தளம் தரும் செஷன் குக்கீ, அதாவது "இவர் ஏற்கனவே சரிபார்க்கப்பட்டவர்" என்ற அடையாளச் சீட்டு, நம்மிடம் வராமல் திருடனிடம் போய்ச் சேர்கிறது. அது செல்லுபடியாகும் வரை அவனுக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

இதே வகைத் திருட்டை ஓர் இந்தியர் நடத்தி, அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காயின்பேஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் வர்த்தகத் தளத்துக்கு அப்போது 'ப்ரோ.காயின்பேஸ்.காம்' என்பது முகவரி. இவருடைய கூட்டம் பயன்படுத்தியது 'காயின்பேஸ்ப்ரோ.காம்'. புள்ளிகூட வேண்டியிருக்கவில்லை, சொற்களின் இடம் மாறியது, அவ்வளவுதான். அங்கே சிலர் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் தாங்களே அடித்தார்கள். சிலர், பக்கத்தில் காட்டிய "உதவி எண்ணை" அழைத்து, சேவை ஊழியர் என்று பேசியவரிடம் ஓடிபியை வாய்விட்டுப் படித்துச் சொன்னார்கள். சிலர் தங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கவே அனுமதி கொடுத்தார்கள். உலகெங்கும் நூற்றுக்கணக்கானவர்கள் இழந்த தொகை 2 கோடி டாலருக்கும் மேல். 2023 டிசம்பரில் அட்லான்டா விமான நிலையத்தில் கைதான அவருக்கு, 2024 அக்டோபரில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

கண்ணால் படிக்க முடிகிற எந்த எண்ணையும் இன்னொருவருக்குப் படித்துச் சொல்லவும் முடியும். ஓடிபியின் பலவீனம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. பாஸ்கீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. பாஸ்கீ என்பது நம் போனுக்குள்ளோ கணினிக்குள்ளோ, யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவிக்குள்ளோ இருக்கும் ஒரு ரகசியம். அதை நாம் பார்ப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை. விரல்ரேகையோ முகமோ காட்டினால் கருவியே தளத்தோடு பேசிக்கொள்ளும். பதிவு செய்த அன்று எந்த முகவரிக்காக உருவானதோ, அந்த முகவரிக்கு மட்டுமே அது பதில் சொல்லும். இரண்டு எழுத்துகளின் அடியில் இருக்கும் புள்ளிகளை நம் கண் தவறவிடலாம். பாஸ்கீக்கு அது வேறு தளம், வாயே திறக்காது. பெரிய எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில் இந்த வசதி வந்துவிட்டது. உங்களுடையதில் இருந்தால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அத்தென்டிகேட்டர் செயலி, எஸ்எம்எஸ் ஓடிபியைவிட மேல். பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. வழக்கமாகத் தானே நிரப்பும் பெட்டி ஒரு நாள் நிரம்பாமல் காலியாக நின்றால், நகலெடுத்து ஒட்டாதீர்கள். முகவரியைப் பாருங்கள்.

பாஸ்கீ போட்ட பிறகும் எஸ்எம்எஸ் வழியை மாற்று வழியாக விட்டுவைத்தால் பயன் பாதியாகிவிடும். திருடன் இருப்பதில் எளிதான வழியைத்தான் தேர்ந்தெடுப்பான். 2021 மார்ச் முதல் மே வரை காயின்பேஸ் வாடிக்கையாளர்கள் குறைந்தது 6,000 பேரின் கணக்குகளில் திருட்டு நடந்தது. அவர்களின் பாஸ்வேர்டும், போன் எண்ணும், அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டியும் ஏற்கனவே திருடர்கள் கையில் இருந்தன. மிச்சமிருந்த ஓடிபி என்ற தடையை, எஸ்எம்எஸ் வழியாகக் கணக்கை மீட்கும் முறையில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தித் தாண்டினார்கள். ஓட்டை நிறுவனத்தினுடையது, பணத்தையும் அந்த நிறுவனமே ஈடுகட்டியது. நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மின்னஞ்சலை. எக்ஸ்சேஞ்சின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வருகிறது. பணம் எடுக்க உறுதி கேட்கும் கடிதமும் அங்கேதான் வருகிறது. எக்ஸ்சேஞ்சுக்குப் பலத்த பூட்டும், மின்னஞ்சலுக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய பாஸ்வேர்டுமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். பாஸ்கீயை முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள், பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு.

இதுவரை சொன்னது லிங்க் வழியாக வரும் ஆபத்து. இப்போது அதைவிட மோசமானது தொலைபேசியில் வருகிறது.

2025 மே மாதம் காயின்பேஸ் ஒரு செய்தியை வெளியிட்டது. வெளிநாடுகளில் இருந்த அதன் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குக் குற்றவாளிகள் லஞ்சம் கொடுத்து, 69,461 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். பெயர், வீட்டு முகவரி, போன் எண், அடையாள அட்டையின் படம், கணக்கில் இருந்த தொகை, பரிவர்த்தனை வரலாறு எல்லாம் அதில் அடக்கம். பாஸ்வேர்டு போகவில்லை, நாணயங்களின் சாவியும் போகவில்லை. விவரத்தை வெளியிடாமல் இருக்க 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் கொடுக்க மறுத்தது. அதே தொகையைக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுப்பவருக்குப் பரிசாக அறிவித்தது. ஏமாந்தவர்களுக்கு ஈடு செய்வது உட்பட, செலவு 18 கோடி முதல் 40 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், இது தொடர்பாக முன்னாள் சேவை ஊழியர் ஒருவர் ஹைதராபாத்தில் கைதானதாக அதன் தலைமை நிர்வாகி பிரையன் ஆம்ஸ்ட்ராங் அறிவித்தார்.

பாஸ்வேர்டே போகாதபோது அந்த விவரங்களை வைத்து என்ன செய்வார்கள்? போனில் அழைப்பார்கள். உங்கள் முழுப்பெயரைச் சொல்வார்கள். போன வாரம் எவ்வளவுக்கு எந்த நாணயம் வாங்கினீர்கள் என்பதையும் சொல்வார்கள். "சார், உங்கள் கணக்கை யாரோ வேறு ஊரிலிருந்து திறக்கப் பார்க்கிறார்கள், நீங்கள்தானா?" என்று பதறாத, மரியாதையான குரலில் கேட்பார்கள். இவ்வளவும் தெரிந்தவர் நிறுவனத்தின் ஆள் இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும் என்று நினைப்பது முட்டாள்தனம் அல்ல, இயல்பு. இப்படி ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்றும் படிப்பறிவு இல்லாதவர் என்றும் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒருவர் 4,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை, அன்றைய மதிப்பில் 23 கோடி டாலருக்கும் மேல், ஒரே நாளில் இழந்தார். முதலில் கூகுள் உதவி மையம் என்று ஓர் அழைப்பு. அடுத்து ஜெமினி எக்ஸ்சேஞ்ச் என்று ஓர் அழைப்பு. பாதுகாப்புக்காக என்று சொல்லி இரண்டு கட்டச் சரிபார்ப்பை மாற்றியமைக்கவைத்தார்கள். திரையைப் பகிரும் செயலியைப் போடவைத்து, அதன் வழியாகச் சாவியையும் பார்த்துவிட்டார்கள். இந்தத் துறையை நன்றாக அறிந்தவருக்கே இது நடந்தது.

இந்தியாவில் 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அதனால் பான், ஆதார், செல்பி எல்லாம் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்குகிறோம். நம் விவரங்களும் எங்கோ ஒரு சேவை மையத்தின் திரையில் யாரோ பார்க்கக்கூடியவையாகத்தான் இருக்கின்றன. ஆகவே, அழைப்பவருக்கு நம்மைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து அவரை நம்பக் கூடாது. இணைப்பைத் துண்டியுங்கள். செயலியை நீங்களே திறந்து, அதற்குள் இருக்கும் உதவிப் பகுதியில் கேளுங்கள். அவசரம் உண்மையானால் அங்கேயும் தெரியும். கூகுளில் உதவி எண்ணைத் தேடாதீர்கள். விளம்பரமாக மேலே நிற்கும் எண் யாருடையது என்று சொல்ல முடியாது. டெலிகிராம் குழுவில் சந்தேகம் கேட்டால், சில நிமிடங்களில் "அட்மின்" என்று ஒருவர் தனிச்செய்தியில் வருவார். அவருக்கும் பதில் வேண்டாம்.

எஸ்எம்எஸ்ஸையும் நம்ப முடியாத நிலை இருக்கிறது. 2025 மார்ச்சில் ஆஸ்திரேலிய மத்திய போலீஸ் 130-க்கும் மேற்பட்டவர்களை எச்சரித்தது. அவர்களுக்கு வந்த போலிச் செய்திகள், பைனான்ஸ் உண்மையிலேயே முன்பு அனுப்பிய செய்திகளுக்கு அடியில், அதே வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தன. அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால் போன் இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிடும். எது யார் அனுப்பியது என்று அது பார்ப்பதில்லை. உங்கள் கணக்கில் யாரோ புகுந்துவிட்டார்கள், இந்த எண்ணில் பேசுங்கள் என்பது செய்தி. பேசினால், பணத்தைக் காப்பாற்றப் புதிய வாலட் (எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நாணயங்களை வைத்துக்கொள்ளும் செயலி) ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள். அதற்கு 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை அவர்களே கொடுப்பார்கள்.

இந்தச் சொற்கள் என்ன என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வகை மோசடி முழுவதும் வெளிச்சமாகிவிடும். சீட் பிரேஸ் என்று சொல்லப்படும் இந்தச் சொல்வரிசையிலிருந்துதான் வாலட்டின் சாவிகள் அனைத்தும் கணக்கிட்டு எடுக்கப்படுகின்றன. சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ, வாலட் அவருடையது. உலகின் எந்த மூலையிலும், எந்தப் போனிலும் அந்தச் சொற்களை அடித்து அதே வாலட்டைத் திறந்துவிடலாம். அவர்கள் தந்த சொற்களால் நாம் திறந்த வாலட், அவர்களுடைய வாலட். செயலி நம் போனில் இருப்பதாலும் தொகை நம் திரையில் தெரிவதாலும் நம்முடையது என்று தோன்றும். நம் கையாலேயே பணத்தை அங்கே அனுப்பிவிடுவோம். ஆகவே நம் சொற்களை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது பாதி விதிதான். பிறர் தந்த சொற்களை நாம் ஏற்கவும் கூடாது. சொற்களை நம் கருவிதான் நமக்கு உருவாக்கித் தர வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஊழியர் யாரும் இதைக் கேட்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார்.

பாஸ்வேர்டு, ஓடிபி, பாஸ்கீ எதுவும் இங்கே குறுக்கே வராது என்பதைக் கவனியுங்கள். உள்ளே வந்தவர் உண்மையான உரிமையாளர், அனுப்புகிறவரும் அவரே. இங்கே காப்பாற்றக்கூடியது, நான் தலைப்பில் சொன்ன அந்த வெளிவாசல் மட்டுமே.

எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு அமைப்புகளில் 'வித்டிராயல் ஒயிட்லிஸ்ட்' அல்லது 'அட்ரஸ் புக்' என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டால், நாம் முன்பே பதிந்துவைத்த முகவரிகளுக்கு மட்டும்தான் நாணயம் போகும். புதிய முகவரியைச் சேர்த்தால் அது உடனே வேலை செய்யாது. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்து 24 அல்லது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வசதியையே அணைக்க முயன்றாலும் பெரும்பாலும் அதே காத்திருப்பு. திருடன் உள்ளே வந்துவிட்டாலும், ஏமாந்து நாமே அனுப்பத் தயாராகிவிட்டாலும், நடுவில் ஓர் இரவு கிடைக்கிறது. போனில் மிரட்டும் குரல் ஓய்ந்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி, "இரு, இது சரியாகப் படவில்லையே" என்று அவர் கேட்பதற்கான இரவு. இந்த மோசடிகள் எல்லாம் அவசரத்தை நம்பித்தான் நடக்கின்றன. அந்த அவசரத்தை இந்த வசதி செல்லாததாக்கிவிடுகிறது. ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் ரூபாயாக எடுத்தால் பொதுவாக நம் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆபத்து கிரிப்டோவாக வெளியே போவதில்தான். வாங்கி வைத்திருப்பதும் விற்று ரூபாயாக்குவதும் மட்டுமே உங்கள் வழக்கம் என்றால், கிரிப்டோவாக எடுக்கும் வழியை அடைக்க முடியுமா என்று பாருங்கள். ஏபிஐ கீ எதுவும் உருவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் உருவாக்காத ஒன்று அங்கே இருந்தால், 2018-இல் நடந்த கதை உங்கள் கணக்கில் தொடங்கியிருக்கிறது. நீங்களே உருவாக்கியதாக இருந்தால், அதற்குப் பணம் எடுக்கும் அனுமதி வேண்டாம். குறிப்பிட்ட ஐபி முகவரியிலிருந்து மட்டும் இயங்கும்படி வரையறுத்துவிடுங்கள். சில எக்ஸ்சேஞ்சுகளில் 'ஆன்டி ஃபிஷிங் கோட்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு சொல் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இருக்கும்; இல்லாத கடிதம் போலி. நல்ல வசதிதான், ஆனால் மின்னஞ்சல் பெட்டியே திருடன் கையில் இருந்தால் அந்தச் சொல்லும் அவனுக்குத் தெரியும்.

வெளிவாசல் பூட்டு எப்போதும் நிற்கும் என்றும் நான் சொல்லவில்லை. அதே பைனான்ஸில் 2019 மே 7 அன்று, வாடிக்கையாளர்களின் ஏபிஐ கீகளையும் ஓடிபிகளையும் போலிப் பக்கம் (ஃபிஷிங்), வைரஸ் போன்ற வழிகளில் மெதுவாகச் சேர்த்த ஒரு கூட்டம், பாதுகாப்பு அமைப்புக்குச் சந்தேகம் வராதபடி ஒரே பரிவர்த்தனையில் 7,000 பிட்காயின்களை வெளியே கொண்டுபோனது. அன்றைய மதிப்பு சுமார் 4 கோடி டாலர். நிறுவனம் தன் அவசர நிதியிலிருந்து ஈடு செய்தது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பிப் பெருந்தொகையை எக்ஸ்சேஞ்சில் போட்டு வைக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், வெட்கப்பட்டு ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க வேண்டாம். செயலியில் "கணக்கை முடக்கு" என்ற வசதி இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டு, பிறகு எக்ஸ்சேஞ்ச் பாஸ்வேர்டு என்ற வரிசையில் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். செஷன் குக்கீ திருடன் கையில் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாமல் போகலாம். ஏபிஐ கீகளை அழியுங்கள். திரையைப் பகிரும் செயலி ஏதாவது போடச் சொன்னார்கள் என்றால் அந்தக் கருவியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறு கருவியில் இவற்றைச் செய்யுங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் போன முகவரி, பரிவர்த்தனை எண், நேரம், வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். பிட்காயினை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் போனது யுஎஸ்டிடி என்ற நாணயம் என்றால், அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரியில் இருப்பதை முடக்க முடியும். போன நாணயம் வேறொரு எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்திருந்தால், போலீஸ் கேட்டு அவர்களும் முடக்கலாம். நேரம் முக்கியமாவது இதனால்தான்.

"கிரிப்டோவா? அதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை" என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வைத்திருந்த ஒரு முதலீட்டாளரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒருவர் அனுபவிக்கக்கூடிய, உரிமை கொண்டாடக்கூடிய சொத்துதான் என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கூறியிருக்கிறார். வாங்கியதற்கான ரசீதுகளையும், வங்கியிலிருந்து பணம் போனதற்கான பதிவையும், பிடித்தம் செய்யப்பட்ட 1 சதவீத டிடிஎஸ் விவரத்தையும் சேர்த்து வையுங்கள். உங்கள் சொத்து என்று காட்ட அவைதான் சான்று.

புகார் கொடுத்த சில நாட்களில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்வார்கள். வழக்கறிஞர், சைபர் நிபுணர், சில சமயம் போலீஸ் அதிகாரி என்றே அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியல் இந்த உலகில் விலைக்குப் போகிறது. முன்பணம் கேட்டாலோ, வாலட்டை இணைக்கச் சொன்னாலோ, சொற்களைக் கேட்டாலோ, அவர் முதல் திருடனின் கூட்டாளி அல்லது அடுத்த திருடன். அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதே புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.